கால் மாத்திரை

போன மாதம் பெரியவள் ஊருக்கு வந்திருந்தபோது என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "ஏம்பா, அப்போ உனக்கு முடியாமப் போன காலு இதுவா, அதுவா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "ரெண்டு காலும் கல்லு மாதிரிதான் இருந்திச்சி. போனது வேற" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேச்சை மாற்றினேன். மாற்றியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஏறக்குறைய ஒரு வருஷம் நான் பஸ் ஓட்டாமல் வீட்டில் கிடந்தேன். காலில் கோளாறு என்று ஊர் சொன்னது, நீங்களும் அப்படியே நம்பிவிட்டீர்கள். பயத்துக்குச் சாப்பிட்ட மாத்திரையை விட முடியாமல் கிடந்தேன் என்பதுதான் உண்மை. அந்த வருஷத்தில் பாதியை மாத்திரை தின்றது. மீதியை உங்கள் மாமன் மேல் எனக்கு இருந்த பொறாமை தின்றது. நான் எட்டாவது வரை படித்தவன். முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டிய பஸ் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் கலசப்பாக்கத்தில் கிளம்பி, போளூர் வந்து, நம் ஊரில் பத்து நிமிஷம் நின்று, ஜவ்வாது மலை ஏறும். மேலே சந்தைத் திடலில் மதியம் தாண்டும் வரை நின்றுவிட்டு, நாலு மணிக்கு மறுபடியும் நம் ஊருக்கு இறங்கும். மலைக்கு ஒரே வண்டி, ஒரே டிரைவர். சாமை மூட்டை, புளி மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண், கோழி, எல்லாம் அதில்தான். வண்டிக்கு ரப்பர் பந்து வைத்த ஹாரன். ஒவ்வொரு டிரைவருக்கும் அதை அமுக்குவதில் ஒரு கைவாகு இருக்கும். என்னுடையது ரெண்டு குட்டை, ஒரு நீட்டு. பாம் பாம் பாஆஆம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மலை ஊர்க்காரர்கள் மூட்டையைத் தலையில் தூக்குவார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் இரட்டைப்புளி வளைவில் வண்டியின் பின்பக்கம் சேற்றில் வழுக்கியது. தடுப்புக் கல் இரண்டு பெயர்ந்து விழுந்து, ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரை மேல் இருந்த ஒரு சாமை மூட்டை மட்டும் உருண்டு போனது, வெகு நேரம் கழித்துக் கீழே சத்தம் கேட்டது. எல்லோரும் இறங்கி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் முதல் அந்த வளைவு நெருங்கினால் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பிறகு போளூரிலேயே வேர்த்தது. பிறகு வீட்டில் செருப்பு மாட்டும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. தூக்கம் போய்விட்டது.

வேலூரில் ஒரு டாக்டர் பார்த்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை, நரம்பில்தான் பதற்றம் என்று சொல்லி, காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று சின்ன மஞ்சள் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நான் போகவில்லை. மாத்திரை நன்றாகக் கேட்டதால் அவர் எழுதிக் கொடுத்த அதே சீட்டைக் காட்டிக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒன்றரை வருஷம். ஒரு நாள் போளூரில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் உலுக்கி எழுப்பினான். விஷயம் முதலாளிக்குப் போனது.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஷெட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"மாத்திரைய உட்டுட்டு வாப்பா. டைவர் சீட்டு உனக்குதான். அதுவரிக்கும் உன் மச்சானே ஓட்டட்டும். செங்கத்துல லாரிதான ஓட்டிக்கினு கீறான்?"

மச்சான் என்றால் உங்கள் அம்மாவின் தம்பி, உங்கள் மாமன். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயசு. சரி, நம் வீட்டுப் பையன்தானே, ஒரு வாரம் ஓட்டட்டும் என்று தலையாட்டினேன். ஒரு வாரத்தில் மாத்திரையை விட்டுவிடலாம் என்று நினைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த அத்தனையையும் சாக்கடையில் கொட்டினேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கி டம்ளர் கீழே விழுந்தது. அந்தச் சத்தம் பின்மண்டையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. உங்கள் அம்மா முறத்தில் கேழ்வரகு புடைப்பது கூடத் தாங்கவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. தரையில் படுத்திருந்தாலும் பஸ்ஸில் போகிற மாதிரி பூமி ஆடியது. மச்சான்தான் என்னைத் தூக்கி வாடகை வண்டியில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனான். சாமை மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஒரே தூக்கு. அந்த நிலையிலும் எனக்கு அவன் கை நடுங்கவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

டாக்டர், "யாரு இப்படி ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?" என்றார்.

"மொதலாளிங்க."

"உங்க மொதலாளி எந்த ஆஸ்பத்திரி?"

அவர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, "மலை இறங்கும்போது எந்த கியர்ல இறங்குவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டாவதுலங்க."

"நியூட்ரல்ல இறங்கினா என்ன?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிற பழக்கம் அந்தக் காலத்து மலை டிரைவர்களிடம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடாகிக் கையை விரிக்கும். மனுஷர் பஸ் ஓட்டினவரோ என்னவோ தெரியவில்லை.

"நீங்க இப்ப நியூட்ரல்ல உருட்டிட்டீங்க. மறுபடி மேல ஏறி, கியர் போட்டு இறங்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தாங்கலைன்னா அதே இடத்துல நில்லுங்க, மாசா மாசம் வந்து என்னைப் பாருங்க. வண்டியைத் தொடவே கூடாது."

அப்படித்தான் மாத்திரை வேளைக்கு ஒன்றிலிருந்து முக்கால் ஆனது, முக்கால் அரை ஆனது. உங்கள் அம்மா அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்து, சவர பிளேடால் வெட்டுவாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் வெட்டுவாள். அப்படியும் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சின்னதாகவும் போகும். இன்றைக்குப் பெரிய துண்டு எனக்கு வருமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தட்டில் ஒட்டிய தூளை அவள் பார்க்காதபோது விரலால் ஒற்றி நக்கியிருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் பத்து நாள் ஆட்டம், பிறகு கொஞ்சம் அடங்கும். அந்தப் பத்து நாளில்தான் பொறாமை ஏறும். மருந்து இறங்கியதால் வந்ததா, என் மனசில் ஏற்கெனவே கிடந்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

முதலில் அவன் தூக்கத்தின் மேல் வந்தது. லீவு நாளில் மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் சாய்வான். நான் ஒரு பீடி பற்ற வைப்பதற்குள் தூங்கிவிடுவான். வாய் திறந்திருக்கும். உதட்டில் ஈ உட்காரும், எழும், மறுபடி உட்காரும், அவனுக்குத் தெரியாது. நான் எதிரே குந்திக்கொண்டு அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்ப்பேன். பிறத்தியான் சோற்றைப் பார்த்து ஏங்குகிற மாதிரி அந்தத் தூக்கத்தைப் பார்த்து ஏங்கினேன். ஒரு நாள் வேண்டுமென்றே பக்கத்தில் குடத்தை உருட்டிவிட்டேன். அவன் திரும்பிப் படுத்தான், அவ்வளவுதான்.

பிறகு உங்கள் மேல் வந்தது. நாலு மணிக்கு ஹாரன் கேட்டால் மூன்று பேரும் ரோட்டுக்கு ஓடுவீர்கள். நான் ஓட்டிய வருஷங்களில் அப்படி ஓடினீர்களா என்று யோசிப்பேன். அவன் உங்களைக் கொஞ்ச தூரம் ஏற்றிப்போய் இறக்கிவிடுவான். நடுவுள்ளவன் வீட்டுக்குள் வரும்போதே கையை வட்டமாகச் சுற்றிக்கொண்டு வருவான். "மாமா ஒரே கைல திருப்பறாரும்மா!" உங்கள் அம்மா தம்பிக்கு முட்டை பொரித்துக்கொண்டே சிரிப்பாள். என்னிடம் அவள் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் அடுப்பு மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாமனுடைய கூலிங் கிளாஸ் ஒரு நாள் காணாமல் போனது. சின்னவன் எடுத்து விளையாடி உடைத்துவிட்டான் என்று அம்மா அவனை முதுகில் ரெண்டு வைத்தாள். கேழ்வரகுப் பானைக்குள் அதைப் புதைத்தவன் நான். அடி விழுந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. சின்னவனே, அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இத்தனைக்கும் மேலே ஹாரன். ஒரு நாள் மலையிலிருந்து வண்டி இறங்கும் சத்தத்தோடு என்னுடைய அமுக்கு கேட்டது. பாம் பாம் பாஆஆம். கடைசியில் மட்டும் குட்டியாக ஒரு 'பிப்'. முதல் மூன்றும் என்னுடையது, அந்த வால் அவனுடையது. சீட்டை எடுத்தான், பிள்ளைகளை எடுத்தான், கடைசியில் என் சத்தத்தையும் எடுத்துக்கொண்டானே என்று அன்று சோறு இறங்கவில்லை.

கார்த்திகை கடைசியில் நான் கால் மாத்திரைக்கு வந்தேன். உங்கள் அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர் வீட்டுக்காரி, "உன் வூட்டுக்காரருக்கு இப்ப இன்னா மாத்திரை குடுக்கற?" என்று கேட்டிருக்கிறாள்.

"இப்பல்லாம் கால் மாத்திரைதான்" என்றாள் இவள்.

"ஐயோ பாவமே, காலுக்கா? நான் வேற இன்னாமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்!"

வேற என்னவோ என்று ஊர் என்ன நினைத்திருந்தது என்பது இவளுக்குத் தெரியும். அதனால் திருத்தாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடமும் சொல்லவில்லை.

பேச்சு பஸ் ஏறி மலைக்குப் போனது. முதல் ஊரில் எனக்குக் கால் வலி, அடுத்த ஊரில் கால் விழுந்துவிட்டது, சந்தைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலூரில் எடுத்தே விட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. மார்கழியில் ஒரு நாள் சாயந்தரம் கண்டக்டர் ஒரு சாக்குப் பையோடு வாசலில் நின்றான்.

"ணா, மேல இருந்து குடுத்தனுப்பினாங்க. முடவாட்டுக்கால் கெழங்கு. சூப்பு வெச்சிக் குடிச்சா காலு எழுந்து நிக்குமாம்."

பாறை இடுக்கில் படர்கிற கிழங்கு அது. மேலே ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு மலை ஜனம் அதைத்தான் வேக வைப்பார்கள்.

"யாருக்கு?" என்றேன்.

"ஒனக்குதாண்ணா."

"எனக்கு இன்னாடா?"

அவன் என் கால்களைப் பார்த்தான். வேட்டி மறைத்திருந்தது. குரலை இறக்கிக்கொண்டான். "மொதலாளியும் கேள்விப்பட்டு பேஜாராயிட்டாருணா. மாத்திரைன்னா ஒரு நாள் உட்டுடுவான், காலு போனவனுக்கு எப்டிப்பா வண்டி குடுக்கறதுன்னாரு. தை மாசத்துலருந்து தம்பியே பெர்மனென்ட்டுன்னு பேச்சு."

"எவன்டா சொன்னது என் காலு போச்சின்னு?"

"மேல எல்லாரும் சொல்றாங்க. தம்பிகிட்ட கேட்டா அதுவும் ஆமாம், காலுதான்னுது."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன். சீட்டுக்காக அவன் என் இரண்டு காலையும் வெட்டிவிட்டான்.

மறுநாள் சந்தை. விடிந்ததும் கால் மாத்திரையை விழுங்கிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டேன்.

"எங்கங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"மலைக்கு. உன் தம்பிய சந்தைல நிக்க வெச்சி நாலு பேரு எதிர்ல கேக்கப் போறேன்."

"பத்து மணிக்கு பஸ்ஸு வருமே."

"அவன் வண்டில நான் ஏற மாட்டேன்."

"அது ஒங்க வண்டிங்க."

"இப்ப அவன் வண்டி."

நடந்தேன். பஸ்ஸில் எத்தனை ஆயிரம் தடவை ஏறிய ரோடு, நடந்து ஏறியது அன்றுதான். முதல் ஊர் தாண்டும் வரை கோபம் நடத்தியது. அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். விறகு சுமந்து எதிரே வந்த பெண் ஒருத்தி ஒதுங்கி வழி விட்டாள். பிறகு வளைவு எண்ணிக்கை கூடக் கூடக் கோபம் பின்தங்கி, பழைய பயம் முன்னால் வந்தது. இரட்டைப்புளி வளைவில் கால் நின்றுவிட்டது. புதிதாக வைத்த இரண்டு தடுப்புக் கல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காதுக்குள் இரைச்சல். உள்ளங்கை நனைந்தது. சட்டைப் பையைத் தடவினேன். பழக்கதோஷம், அதில் மாத்திரை இல்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் அதே தூரம் நடக்க வேண்டும். அந்த வெள்ளைக் கல்லின் மேலேயே உட்கார்ந்தேன். புளியம்பழம் ஒன்று பக்கத்தில் விழுந்தது, அதற்கே உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தாங்கவில்லையென்றால் அதே இடத்தில் நில். சரி, நிற்கிறேன், பள்ளத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு மெதுவாகக் கீழே இறங்கியது. சட்டை முழுக்க நனைந்திருந்தது, ஆனால் சாகவில்லை.

அப்போது கீழேயிருந்து வந்தது. பாம் பாம் பாஆஆம், பிப்.

வண்டி வளைவில் திரும்பி என் எதிரே நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலை நீண்டது.

"டைவரு! டைவரு குந்திக்கினு கீறாரு!"

"காலு போச்சின்னாங்களே!"

"ரெண்டும் கீதே, எண்ணிப் பாரு!"

"யோவ், எழுந்து நின்னு காட்டுய்யா!"

எழுந்து நின்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. மச்சான் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஏறு மாமா."

"போடா."

"இன்னும் பாதி தூரம் கீது மாமா."

"போடான்றேன்ல."

அவன் முதல் கியர் போட்டு நகர்ந்தான். ஏறாமல் விட்டது எவ்வளவு முட்டாள்தனம் என்று அடுத்த மேட்டிலேயே முட்டி சொன்னது.

திடலுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. சந்தையில் பாதி ஜனம் என்னைச் சுற்றி நின்றது. ஒரு சாமைக்காரர் குந்தி என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"மரத்துல செஞ்சது இல்லியே?"

"மரம்னா வேர்க்குமாய்யா? தொட்டுப் பாரு, சொதசொதன்னு கீது."

கிழங்கு அனுப்பிய மனிதர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான் சொல்லல? ஒரே சூப்பு! மலை ஏறி வந்துட்டாரு பாரு!" கிழங்கு இன்னும் சாக்கோடு நம் வீட்டு மூலையில் கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று அவரிடமிருந்த கிழங்கு எல்லாம் விற்றுப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மச்சான் டீக்கடைக்குப் பின்னால் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்விகள் ஒன்றும் வரவில்லை.

"ஏன்டா என் கால எடுத்தே?" என்றேன்.

"நான் எடுக்கல மாமா. அக்கா எடுத்துது."

குழாயடிப் பேச்சை அப்போதுதான் சொன்னான். எதிர் வீட்டுக்காரி பஸ்ஸில் வந்து அவனிடமே துக்கம் விசாரித்திருக்கிறாள்.

"நீ திருத்தி இருக்கலாம்ல?"

"இன்னான்னு திருத்தறது? காலு இல்லம்மா, எங்க மாமாவுக்கு வளைவப் பாத்தா பயம், அதுக்கு மாத்திரை துன்றாருன்னா? அப்பால நீ ஓட்டற வண்டில எவன் மாமா ஏறுவான்? காலுன்னா ஒரு நாள் தேவலையாச்சின்னு சொல்லிக்கலாம். தலைன்னா சொல்லிக்க முடியுமா?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் டீ சொன்னான். குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

"ஹாரன்?"

"உன் சத்தம் கேட்டாத்தான் மூட்டையத் தூக்கறாங்க மாமா. மொத வாரம் நான் என் மாதிரி அடிச்சிப் பாத்தேன். வேற ஏதோ லாரின்னு எவனும் வூட்ட உட்டு வரல. காலி வண்டிய இஸ்துக்கினு வந்தேன்."

"கடைசில ஒரு குட்டி போடறியே, அது?"

அவன் தலையைச் சொறிந்தான். "நானுந்தான ஓட்டறேன் மாமா."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கேட்க வேண்டியது ஒன்று மீதி இருந்தது. "தை மாசம் பெர்மனென்ட்டுன்னு மொதலாளி சொன்னாராமே. நீ இன்னா சொன்னே?"

"ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"ஏன் இல்லன்னு சொல்லல?"

"எனக்கும் ஆச இருக்காதா மாமா? செங்கத்துக்குத் திரும்பிப் போனா நெல்லு மூட்டைதான் ஏத்தணும். மூட்டை எனக்கு வணக்கம் சொல்லுமா?"

அன்று அவன் சொன்னதில் இதுதான் எனக்கு ரொம்ப நாள் நின்றது. எனக்காக எல்லாம் செய்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இறங்கும்போது அவன் வண்டியில்தான் வந்தேன். முன் சீட்டில், அவனுக்குப் பக்கத்தில். எங்கே தப்பு செய்வான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். செய்யவில்லை. இரட்டைப்புளி வளைவுக்கு வெகு முன்னாலேயே ரெண்டாவதுக்கு மாற்றினான், நான் மாற்றுகிற இடத்துக்கு ஐம்பது அடி முன்னால். வண்டி ஆடாமல் திரும்பியது. நியூட்ரல் பக்கமே கை போகவில்லை. என்னைவிட நன்றாக இறக்கினான். இந்த வரியை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகுப் பானையில் கைவிட்டு அந்தக் கூலிங் கிளாஸை எடுத்துத் துடைத்து, மறுநாள் வண்டி நின்றபோது ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தேன். அவன் பார்த்தான். எடுத்து மாட்டிக்கொண்டான்.

மலையை நடந்தே ஏறிய டிரைவர் என்று பேச்சு கலசப்பாக்கம் வரை போனது. தை மாசப் பேச்சை முதலாளி தள்ளிப் போட்டார். "மாத்திரைய முடிச்சிட்டு வரட்டும்" என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். முடிப்பது அவ்வளவு லேசாக இல்லை. ஒன்றிலிருந்து கால் வரை வந்ததைவிட, காலிலிருந்து அரைக்கால் வருவதும் அங்கிருந்து ஒன்றுமில்லாமல் ஆவதும்தான் கஷ்டம். அரைக்கால் என்பது துண்டு கூட இல்லை, பிளேடு நுனியில் ஒட்டுகிற தூள். இத்தனூண்டு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அது இல்லாத நாளில் எனக்குப் பல் கிட்டியது. ஒரு தடவை தாங்காமல் மறுபடி காலுக்கு ஏறினேன். டாக்டர் திட்டவில்லை. "இங்கேயே ஒரு மாசம் நில்லுங்க" என்றார். அந்த மாசமும் மச்சான் மத்தியானத்தில் தூங்கினான், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் தெரிந்துவிட்டதால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. குடத்தை மட்டும் உருட்டவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் உங்கள் அம்மா தட்டைக் கவிழ்க்காமல் நிமிர்த்தியே வைத்து அதில் களி போட்டாள். அவ்வளவுதான், அன்றோடு முடிந்தது. அதற்கப்புறமும் ரெண்டு மாசம் பொறுத்து, டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் முதலாளியே பக்கத்து சீட்டில் ஏறினார், என்னைச் சோதிக்க. நான் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மூன்றாவது வளைவில் அவர் தலை தொங்கிவிட்டது, குறட்டை வேறு. என்ன ஒரு பாழாய்ப்போன தூக்கம், எல்லாருக்கும் எப்படித்தான் வருகிறதோ என்று அவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் இரட்டைப்புளி வளைவு நெருங்கும் வரை பயம் தெரியவில்லை. ஐம்பது அடி முன்னாலேயே ரெண்டாவதுக்கு மாற்றினேன். உள்ளங்கை வேர்த்தது. வேர்த்த கையோடு திருப்பினேன்.

வளைவு தாண்டினால் மலையின் பெரிய ஊர். ஹாரன் அடித்தேன். பாம் பாம் பாஆஆம். நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. மறுபடி அடித்தேன். தூரத்தில் வாசல்களில் ஆட்கள் தெரிந்தார்கள், யாரும் மூட்டையைத் தூக்கவில்லை. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ணா, கோச்சிக்காத. கடைசில அந்தக் குட்டி ஒண்ணு போடு. இப்ப அது இருந்தாத்தான் நம்ம வண்டின்றாங்க."

கொஞ்ச நேரம் பந்தின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். முதலாளி தூக்கத்தில் புரண்டார். அமுக்கினேன். பாம் பாம் பாஆஆம், பிப். புளி மூட்டைகள் தலைகளில் ஏறின. முதலில் வந்த பெண் படியில் கால் வைத்து என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி வரலியா?" என்றாள்.

"செங்கத்துல கீறான்" என்றேன்.

"காலு தேவலையா உனக்கு?"

"தேவலம்மா."

சாயந்தரம் இறங்கும்போதும் அப்படியே அடித்தேன். நம் ஊர் எல்லையில் திரும்பியபோது மூன்று பேரும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தீர்கள். "மாமா வண்டி! மாமா வண்டி!" என்று குதித்துக்கொண்டு ஓடி வந்தீர்கள். கண்ணாடிக்கு உள்ளே என்னைப் பார்த்ததும் மூன்று முகமும் ஒரு நொடி நின்றது. அந்த நொடியை நான் இன்னும் மறக்கவில்லை. சின்னவன்தான் முதலில் சமாளித்துக்கொண்டு, "அப்பா, நீயா ஓட்டற?" என்றான்.

"நான்தான்டா. ஏறு" என்றேன்.